பாமினியில் அடித்த பாடக்குறிப்பு என்விடிஏவில் படிக்க மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

வரலாறு_வகுப்பு:
கல்லூரியில் வரலாறு எடுக்கிறேன். குறிப்புகளை கூகுள் கிளாஸ்ரூமில் பிடிஎஃப்பாகப் போடுவது வழக்கம். இந்த வருடம் பார்வையற்ற மாணவர் ஒருவர் சேர்ந்திருக்கிறார், கணினித் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் என்விடிஏ மென்பொருள் வைத்திருக்கிறார். துறையின் பழைய குறிப்புகளில் பாதி பாமினி எழுத்துருவில் அடித்தவை, மீதி புத்தகத்தின் ஸ்கேன், இரண்டையுமே அது படிப்பதில்லை. நண்பர்கள் வாசித்துக் காட்டுகிறார்கள்தான், ஆனால் மூன்று வருடமும் அவர்கள் கை பார்த்தே இவர் படிக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

செவிவழி:
சார், நானும் பார்வையற்றவன்தான். பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தெரியும் உருவம் மட்டுமே தமிழ். உங்கள் கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவது என் கணினிக்கு எம், கே, செமிகோலன், கே, எச். ஒரு பக்கம் முழுக்க இப்படியே வந்தால் என்ன புரியும்? வேர்டு கோப்பு கையில் இருந்தால் இணையத்தில் கிடைக்கும் இலவச மாற்றியில் ஒட்டி, கணினி தமிழாகவே அறியும் யூனிகோடாக்கிவிடலாம், நடுவில் வரும் ஆங்கிலப் பெயர்கள் மட்டும் குதறிப்போகும், அவற்றைக் கையால் திருத்துங்கள். அப்புறம், தலைப்பை வெறும் போல்டாக விடாமல் ஹெட்டிங் ஸ்டைல் கொடுங்கள். என்விடிஏவில் பிரௌஸ் மோடு என்று ஒரு வாசிப்பு முறை உண்டு, அதில் எச் விசையைத் தட்டித் தட்டித் தலைப்புவாரியாகத் தாவலாம், இல்லையென்றால் நாற்பது பக்கத்தையும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும். முடிந்தால் வேர்டு கோப்பாகவே கொடுங்கள்.

நூலகத்_தூண்:
ஸ்கேனை கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தை ஓரளவு நன்றாகவே எடுத்துத் தரும். அட்டவணையும் பக்கத்தைச் செங்குத்தாகப் பிரித்து இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கமும் கலைந்துபோகும். ஆண்டுகளைக் கட்டாயம் சரிபாருங்கள், வேலூர்ப் புரட்சி 1806 என்பது 1808 ஆகிவிட்டால் கேட்டுப் படிக்கிறவருக்குக் கண்டுபிடிக்க வழியே இல்லை. வரைபடத்துக்கு 'படம் 3' என்று எழுதுவது போதாது, அதை வைத்து வகுப்பில் என்ன சொல்வீர்களோ அதை இரண்டு வரியில் எழுதுங்கள். பதிப்புரிமையை நினைத்துத் தயங்க வேண்டாம், மாற்றுத்திறனாளிகளுக்காக லாபநோக்கின்றி இப்படி மாற்றித் தர 2012 சட்டத் திருத்தம் இடம் கொடுக்கிறது.

வரலாறு_வகுப்பு:
மிக்க நன்றி. அடுத்த வாரம் நடத்தப்போகிற பாடத்திலிருந்து மாற்றத் தொடங்குகிறேன். வீடியோ பாடங்களும் இருக்கின்றன, அவற்றை அப்படியே விடலாமா?

செவிவழி:
'இங்கே பாருங்கள், இந்த இடம்' என்று நீங்கள் சுட்டிக்காட்டும் இடங்களில் ஊர்ப் பெயரை வாயால் சொன்னாலே எனக்குப் போதும். காது கேளாத மாணவர் இருந்தால் வசனவரி வேண்டும், தானாக வருவதை அப்படியே நம்பாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்து ஆட்பெயர்களைத் திருத்துங்கள். மாற்றிய முதல் கோப்பை உங்கள் மாணவரிடமே கொடுத்து எங்கே தடுக்கிறது என்று கேட்டுவிட்டு மற்றதில் கை வையுங்கள் சார்.