நான்கு கட்டத்தில் முடியும் பள்ளிக் காதல்: எனக்கு மட்டும்தான் இந்தப் பைத்தியமா?

தணிக்கைக்காரன்:

எனக்கு வயது 43. தணிக்கை அலுவலகத்தில் வேலை. மார்ச் வந்துவிட்டால் வீடு திரும்ப இரவு பதினொன்று ஆகும். அந்தக் கடைசி ரயிலில் நான் படிப்பது ஜப்பானிய உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் காதல் கூத்து. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தால் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிடுகிறேன்.

தொற்றவைத்தது என் அக்கா மகள். விடுமுறைக்கு வந்தவள் ‘நொசாகி-குன்’ என்ற மங்காவின், அதாவது ஜப்பானியப் படக்கதையின், முதல் தொகுதியை எங்கள் வீட்டில் விட்டுப் போனாள். நம் வழக்கப்படி இடப்பக்க அட்டையைத் திறந்து, முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் விளங்கவில்லை. மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டுமாம். தொலைபேசியில் அவள் சிரித்து முடித்த பிறகுதான் புத்தகத்தைத் திருப்பினேன்.

சகுரா சியோ என்ற குட்டைப் பெண், நொசாகி என்ற நெடிய பையனிடம் காதலைச் சொல்லப் போகிறாள். பதற்றத்தில் ‘நான் உங்கள் ரசிகை’ என்று வாய் குளறிவிடுகிறது. அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அட்டை ஒன்றை எடுத்துக் கையெழுத்திட்டு நீட்டுகிறான். பையன் பெண் பெயரில் காதல் மங்கா வரைகிறவனாம்! சரி, எப்போதும் உங்களோடு இருக்க வேண்டும் என்று இன்னொரு முறை முயல்கிறாள். வீட்டுக்கு அழைத்துப் போய், வரைந்த பக்கங்களில் கறுப்பு மை நிரப்பும் வேலையைக் கொடுத்துவிடுகிறான். அவளும் உட்கார்ந்து நிரப்புகிறாள், பாவம். ரயிலில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அதே ருசியில் ‘ககுயா-சமா’ எடுத்தேன். மொத்தம் 28 தொகுதிகள். ஒன்பதில் நின்றுவிட்டேன். கதையில் குறையில்லை, எனக்குத்தான் ஓடவில்லை. பழைய நினைவின் ஏக்கம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். நான் படித்தது ஆண்கள் பள்ளி, ஏங்குவதற்கு ஒரு நினைவும் கிடையாது. பிறகு நொசாகி மாதிரி நான்கு கட்டத்தில் முடிந்துவிடும் இந்தக் குட்டிக் கதைகளில் என்னதான் இருக்கிறது? என் சோம்பலா, வேறு ஏதாவதா?

நாலுகட்டம்:

சோம்பல் இல்லை, கணக்கு. நீங்கள் சொன்ன நொசாகி முழுக்க ‘யோன்கோமா’, அதாவது மேலிருந்து கீழாக நான்கு கட்டம். தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிப்பு என்பது அதன் இலக்கணம். மூன்றாவது கட்டத்தில் எதிர்பாராதது ஒன்று வரவேண்டும். அது ஏன் வந்தது என்று நான்காவது கட்டம் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் காட்டினால் போதும். நீளக் கதையில் அதே திருப்பத்துக்குக் காரணம், பின்னணி, இரண்டாம் காதலன் எல்லாம் தேவைப்படும்.

‘ஹோரிமியா’ பார்த்தீர்களா? ஹீரோ என்ற புனைபெயரில் ஒருவர் இணையத்தில் வரைந்துவந்த கதை அது. வகுப்பில் பளபளவென்று இருக்கும் பெண், வீட்டில் முடியை முடிந்துகொண்டு தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். வகுப்பில் சோப்ளாங்கியாகத் தெரியும் பையன், சட்டைக்குள் பச்சை குத்தியிருக்கிறான். இருவரும் சேருவார்களா என்று இழுத்தடிப்பதும் இல்லை. உங்களுக்குச் சரிவரும்.

பழைய வாசகி:

கணவரின் வேலைக்காக ஜப்பானில், சைத்தாமாவில் நான்கு ஆண்டு இருந்தேன். எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஓர் உயர்நிலைப் பள்ளியின் வாசல். ஆகவே கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. சகுரா என்பது அந்தப் பெண்ணின் பெயர் இல்லை, குடும்பப் பெயர். சியோ என்பதுதான் அவளுடைய பெயர். அவன் அவளைச் ‘சகுரா’ என்கிறான், அவள் அவனை ‘நொசாகி-குன்’ என்கிறாள்; ‘குன்’ என்ற ஒட்டை விட்டால் இரண்டும் குடும்பப் பெயர்கள்தான். அங்கே வகுப்புத் தோழர்கள் பெரும்பாலும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒருநாள் ஒருவர் மற்றவரின் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் காது சிவந்துவிடும். நம்மிடம் ‘நீங்கள்’ என்பது ‘நீ’ ஆகும் நொடி எப்படியோ அப்படி. அந்த ஒரு சொல்லுக்கு எட்டுப் பக்கமே தாராளம். எண்பது பக்கம் கொடுத்தால் நீர்த்துப்போகும்.

பிறகு அந்த வாழ்க்கையே குட்டிக் குட்டி நிகழ்ச்சிகளாக வெட்டப்பட்டது. வகுப்பில் அவ்வப்போது சீட்டுக் குலுக்கி இருக்கைகளை மாற்றுவார்கள். யார் பக்கத்தில் யார் என்பதே ஒரு கதை. பள்ளிக்குள் நுழைந்ததும் வெளிச்செருப்பைக் கழற்றி வைக்கும் மரப் பெட்டிகள் இருக்கும். கடிதம் வைக்க அதைவிட நல்ல இடம் உண்டா? பிப்ரவரி 14 அன்று பெண்கள் சாக்லேட் கொடுப்பார்கள், மார்ச் 14 அன்று பையன்கள் பதில் செய்ய வேண்டும். நடுவில் ஒரு மாதம் காத்திருப்பு, அது ஒரு தனிக் கதை. காதலைச் சொல்வதும் அங்கே ஒரு சடங்கு. ‘பிடித்திருக்கிறது, என்னோடு பழகுங்கள்’ என்று வாய் திறந்து சொன்னால்தான் கணக்கில் ஏறும்.

ஒரு மார்ச் மாதம், பட்டமளிப்பு நாளன்று, பாத்திரம் கழுவிக்கொண்டே பார்த்தேன். கறுப்புச் சீருடைக் கோட்டு போட்ட பையன் ஒருவன் தனியாக நடந்துவந்தான். மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை, நூல் மட்டும் தொங்கியது. இதயத்துக்கு அருகில் இருப்பது என்று அந்தப் பொத்தானைக் கேட்டு வாங்கிக்கொள்வது வழக்கம். யார் வாங்கினாள் என்று தெரியவில்லை. அவன் அடிக்கடி அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனான். நான் குழாயை மூட மறந்துவிட்டேன்.

முடிந்தால் ‘சென்ரியூ ஷோஜோ’ பாருங்கள். பேசாத பெண், சொல்ல வேண்டியதையெல்லாம் 5-7-5 அசையில் ‘சென்ரியூ’ என்ற குறுங்கவிதையாக அட்டையில் எழுதிக் காட்டுவாள். எதிரே முரட்டு முகக்காரப் பையன். 13 தொகுதிகளில் முடித்துவிட்டார்கள்.

பின்வரிசை:

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் மட்டும் குறுக்கே விழுகிறேன். குட்டி, குட்டி என்கிறீர்களே, எது குட்டி? அத்தியாயம்தான் குட்டி. ‘தகாகி-சான்’ (அது நடுநிலைப் பள்ளி, இருக்கட்டும்) 2013 முதல் 2023 வரை 20 தொகுதிகள் வந்தது. தகாகி என்ற பெண் சீண்டுவாள், பக்கத்து இருக்கைப் பையன் தோற்பான், மறுபடி சீண்டுவாள். இது இழுத்தடிப்பு இல்லையா? நொசாகி 2011இல் தொடங்கியது. உங்கள் சியோ மை நிரப்பத் தொடங்கி எத்தனை வருடம் என்று கணக்குப் பார்க்கும் தொழிலில் இருப்பவரே சொல்லட்டும்.

இன்னொன்று. இந்தக் கதைகளில் அப்பா அம்மா எங்கே போய்த் தொலைகிறார்கள்? எப்போதும் வெளியூர் வேலை. தேர்வுக்கு முந்தைய இரவு மட்டும் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடிப் படிக்கிறார்கள், வயிற்றைக் கலக்கும் மதிப்பெண் பயம் யாருக்கும் இல்லை. வலிக்கும் இடம் வருமுன் அத்தியாயத்தை முடித்துவிடுகிறார்கள். பலகாரக் கடையில் சாம்பிள் மட்டும் தின்றுவிட்டுப் போவது மாதிரி. சாம்பிள் ருசியாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை.

தணிக்கைக்காரன்:

பின்வரிசை என் கணக்கில் சரியான இடத்தில் கைவைத்துவிட்டார். நான் கேட்டது தவறான கேள்வி. தொடர் நீளமா குட்டியா என்பது எனக்குப் பொருட்டே இல்லை போலிருக்கிறது. ககுயாவில் நான் நின்ற இடத்தைத் திரும்பப் பார்த்தேன். அங்கே அடுத்தது என்ன என்று நான் அடுத்த வாரம் வரை நினைவில் வைத்திருக்க வேண்டும். அலுவலகத்தில் பன்னிரண்டு பேரின் நிலுவையை நினைவில் வைத்திருப்பவனுக்கு ரயிலிலும் அதுவே என்றால் எப்படி? சியோ என்னை எதையும் நினைவில் வைக்கச் சொல்வதில்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பொட்டுப் போட்ட அந்த இரண்டு பெரிய ரிப்பன்களோடு இருக்கிறாள், அவனுக்கு இன்னும் புரியவில்லை, அவ்வளவுதான்.

பெற்றோர் விஷயமும் சரிதான். ஆனால் இரவு பதினொன்றுக்கு வலிக்கும் இடம் எனக்கு வேண்டாம்.

பழைய வாசகி அம்மா, குடும்பப் பெயர் விஷயம் தெரிந்த பிறகு நேற்று முதல் தொகுதியை மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு ‘சகுரா’வையும் நின்று படித்தேன். இறங்க வேண்டிய நிலையத்தை விட்டுவிட்டு அடுத்ததில் இறங்கி, ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய் கொடுத்தேன்.

இரண்டாம் தொகுதி யாரிடமாவது இரவலாகக் கிடைக்குமா? அக்கா மகளிடம் கேட்கலாம்தான், வீடு முழுக்கச் சொல்லிவிடுவாள்.