பட்ஜி கிளி தோல் முட்டை இடுது, கல்சியத்துக்கு என்ன குடுக்கலாம்?

உப்புவெளி பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். என்ட பொட்டை பட்ஜி தோல் முட்டை இடுது, ஓடே இல்ல, விரலால தொட்டா அப்பிடியே அமுங்குது. சாப்பாடு தினை மிக்ஸ் மட்டுந்தான். கடையில விட்டமின் டிராப்ஸ் ஒண்டு தந்தவை, தண்ணிக்குள்ள விட்டுக் குடுக்கிறன், மத்தியானம் பாத்தா தண்ணி வழுவழுப்பா கிடக்கு. கல்சியத்துக்கு வேற என்ன வாங்கலாம்? இண்டைக்கு காலமையில இருந்து தடியில ஏறாம கூட்டுக்கு அடியில செட்டையை உப்பிக்கொண்டு இருக்கு, வாலை ஆட்டி ஆட்டி முக்குது.

சாம்பல்தீவு அக்கா:
தம்பி, கல்சியத்தைப் பிறகு பாப்பம், கடைசியா சொன்னீங்களே அதுதான் அவசரம். முட்டை உள்ளுக்க சிக்கியிருக்கு போல. இவ்வளவு சின்னப் பறவை கனநேரம் தாங்காது, இப்பவே மிருக வைத்தியரிட்ட கொண்டு ஓடுங்க. ஃபேனை நிப்பாட்டி சின்னப் பெட்டிக்குள்ள வைங்க, 30 பாகை அளவுக்கு சூடு இருக்கோணும், பக்கத்தில ஈரத்துணி ஒண்டும் போடுங்க. எண்ணெய் தடவி வயித்தை அமத்தி எடுங்க எண்டு ஆராவது சொன்னா கேக்காதீங்க, முட்டை உள்ளுக்க உடைஞ்சா பறவை தப்புறது கஷ்டம்.

கூட்டுக்காரன்:
அக்கா சொன்னதை முதல்ல செய்யுங்க. பிறகு சாப்பாட்டை மாத்தோணும், வெறும் தினையில கல்சியமும் விட்டமின் ஏயும் போதாது. திருகோணமலையில இருந்துகொண்டு கல்சியத்துக்கு காசு குடுக்கத் தேவையில்ல, கடற்கரையில கணவாய் ஓடு ஒதுங்கும், இல்லாட்டி மீன் வெட்டுறவையிட்ட கேளுங்க. ஓட்டுக்கணவாய்தான், ஊசிக்கணவாய்க்குள்ள இருக்கிற கண்ணாடி மாதிரி சாமான் உதவாது. உப்புப் போக நல்ல தண்ணியில ஊறவிட்டு தண்ணியை மாத்தி மாத்தி எடுத்து, வெயில்ல நல்லா காயவிட்டு, மெதுவான பக்கம் பறவைக்குத் தெரியிற மாதிரி தடிக்குப் பக்கத்தில கட்டுங்க. நாகம் (சிங்க்) பூசின கம்பியால கட்டவேண்டாம், அதைக் கொறிச்சா நஞ்சு.

கல்சியம் குடுத்தாலும் விட்டமின் டி இல்லாட்டி உடம்பில பிடிக்காது. காலமை வெயில்ல கூட்டை வைங்க, பாதி நிழலா இருக்கட்டும், காகம் பூனை பாத்துக்கொள்ளுங்க. கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளுக்க வைச்சா அந்த வெயிலால பிரயோசனம் இல்ல. முருங்கை இலையும் துருவின கரட்டும் குடுங்க, பசளிக் கீரையை கனக்க போடாதீங்க, அது கல்சியத்தை உடம்பில சேர விடாது. அவகாடோ கிட்டவும் வேண்டாம். தண்ணியில மருந்து விடுறதை நிப்பாட்டுங்க, எங்கட வெக்கைக்கு கிருமிதான் வளரும்.

உப்புவெளி பொடியன்:
டொக்டர் கல்சியம் ஊசி போட்டவர், பின்னேரம் முட்டை வந்திட்டு! இப்ப தடியில ஏறி தினை கொத்துது. நன்றி அக்கா, நன்றி அண்ணா. அடுத்த முட்டைக்கு முதல் ஏதும் செய்யோணுமா?

சாம்பல்தீவு அக்கா:
அப்பாடா! அடுத்த முட்டையே இப்ப வேண்டாம் தம்பி. முட்டைப் பானையைக் கழட்டுங்க, ஆண் பட்ஜியை வேற கூட்டில விடுங்க, பொழுதுபட்டதும் கூட்டை மூடி இருட்டாக்குங்க. உடம்பு தேறி சதை பிடிக்கட்டும், அதுக்குப் பிறகு ஜோடி போடுறதை யோசிக்கலாம்.