நீல் தீவுக்கு அம்மாவை அழைத்துப் போக வேண்டும், படகு விஷயத்தில் உதவி தேவை

மதுரை திருநகரில் இருக்கிறோம். பொங்கல் முடிந்ததும் அம்மா அப்பாவோடு கூட்டமில்லாத ஒரு தீவில் சில நாள் சும்மா இருந்துவிட்டு வர ஆசை. அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வீட்டு வாசல் படியையே சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்குவார். தட்டையான தரையில் மெதுவாக நடப்பார்.

முதலில் லட்சத்தீவு பார்த்தோம். அனுமதி வாங்க வேண்டும், கொச்சியிலிருந்து கப்பல் என்றால் ராத்திரி முழுக்கக் கடலில். அம்மாவுக்கு பஸ்ஸிலேயே வாந்தி வரும், அதனால் விட்டுவிட்டோம். லட்சத்தீவின் அகத்தி தீவுக்குப் போகும் விமானத்தில் எங்கள் தேதிக்கு இடம் இல்லை. இங்கே டிராவல்ஸில் கேட்டால் தினம் ஒரு ஓட்டல் மாற்றுகிற பேக்கேஜ்தான் தருகிறார்கள். எங்களுக்கு அந்த ஓட்டமே வேண்டாம். ராமேஸ்வரம் பலமுறை போயாயிற்று.

கடைசியில் அந்தமானின் நீல் தீவு, அதாவது ஷஹீத் தீவு, பிடித்துப்போனது. பரத்பூர் கடற்கரையில் ஆழம் குறைவு, அம்மா கால் நனைத்து உட்காரலாம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானம் சரி. அங்கிருந்து நீலுக்குப் படகில் இரண்டு மணி நேரம் வரை ஆகும். அதில் ஏறுவதுதான் கவலை. படகு கம்பெனிக்கு போன் செய்தால் "பிரச்சினை இருக்காது" என்பதற்கு மேல் பதில் இல்லை.

முட்டி வலி உள்ள பெரியவர்களோடு போனவர்கள் சொல்லுங்கள்: போர்ட் பிளேர், நீல் இரண்டு படகுத்துறையிலும் படகுக்குள் போக சாய்தளப் பலகை இருக்கிறதா, படி ஏறி இறங்க வேண்டுமா?