மால்டா பயணம்: பெட்டியில் இருந்ததும் இல்லாததும்

போன செப்டம்பரில் நானும் தங்கையும் ஒன்பது நாள் மால்டாவில் இருந்தோம். தீவு என்றதும் மணலை நினைத்துக்கொண்டு வெறும் ரப்பர் செருப்போடு போய் இறங்கிவிட்டோம். அங்கே எங்கு பார்த்தாலும் சுண்ணாம்புக் கல். கோல்டன் பே, காதிரா மாதிரி சில இடங்களில்தான் மணல். ஸ்லீமாவில் நாங்கள் தங்கிய பக்கம், பாறையில் பதித்த இரும்பு ஏணியைப் பிடித்துத்தான் கடலில் இறங்க வேண்டும். பாறை குழிகுழியாக அரித்துப்போய், விளிம்பெல்லாம் கத்தி மாதிரி இருக்கும்.

இரண்டாம் நாளே தங்கை கடல் முள்ளெலி மேல் காலை வைத்துவிட்டாள். குதிகாலில் மிளகு பதித்த மாதிரி மூன்று கறுப்புப் புள்ளி. வெந்நீரில் ஊறவைத்து, புருவம் திருத்தும் இடுக்கியால் அரை மணி நேரம் போராடினேன். இரண்டு வந்தன, ஒன்று ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. மறுநாள் கிளினிக்கில்தான் எடுத்தார்கள். வேறு எதை மறந்தாலும் தண்ணீருக்குள் போடுகிற ரப்பர் அடி ஷூவை மறக்காதீர்கள். இடுக்கியும் இருக்கட்டும்.

அடுத்தது, ஒரு பருத்தித் துப்பட்டா. தலைநகர் வல்லெட்டாவில் செயின்ட் ஜான் கோ-கதீட்ரல் என்ற பேராலயத்துக்குள் தோள் தெரிய விடமாட்டார்கள். கூர் ஹீல்ஸும் கூடாது, ஏனென்றால் தரை முழுக்க செயின்ட் ஜான் சபை வீரர்களின் (நைட்ஸ்) பளிங்குக் கல்லறைகள். இத்தாலிய ஓவியர் கரவாஜியோ தன் ஓவியங்களிலேயே கையெழுத்திட்ட ஒரே ஓவியம், 1608-இல் வரைந்தது, உள்ளேதான் இருக்கிறது. அதன் முன்னால் நாங்கள் நின்ற நேரத்துக்கு அளவே இல்லை. அதே துப்பட்டாதான் மறுநாள் கொமினோ என்ற குட்டித் தீவில், நிழலே இல்லாத புளூ லகூன் கடலோரத்தில் எங்கள் தலையைக் காத்தது.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்:
பிளக் பத்தி யாரும் சொல்லலையே! 1964 வரைக்கும் பிரிட்டிஷ்காரங்க கையில இருந்த ஊரு, அதனால நம்ம சதுர மூணு பின் பிளக் அப்படியே பொருந்தும். கூட வந்த சென்னை மச்சான் ஐரோப்பாதானேன்னு உருண்டை ரெண்டு பின் அடாப்டர் வாங்கிட்டு வந்து, மூணு நாளும் என் சார்ஜர்லதான் போனுக்கு உயிர் கொடுத்தாரு. இந்தியாவிலேருந்து போறவங்க பிரிட்டன் அடாப்டர்னு கேட்டு வாங்குங்க.

ஜனவரியில் போனவர்:
குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியே 15 டிகிரி என்று பார்த்துவிட்டு மெல்லிய சட்டைகளாக அடுக்கிக்கொண்டு போனேன். நாங்கள் எடுத்த பழைய கல்வீட்டில் ஹீட்டர் கிடையாது. வீட்டுக்குள்தான் அதிகம் நடுங்கினோம், போர்வையே ஈரமாக இருப்பது போல் இருந்தது. கம்பளிக் காலுறை, தெர்மல், தொப்பி வைத்த மழை ஜாக்கெட் மூன்றும் அவசியம். குடையைக் காற்று முதல் நாளே திருப்பிப் போட்டுவிட்டது.

இன்னொருவர்:
அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன், புடவைதான் கட்டுவாங்க. பக்கத்துத் தீவு கோசோவுக்குப் போற படகுல ஏற முடியுமா அக்கா?

முதலில் எழுதியவர்:
தாராளமாக, தம்பி. சிர்கேவா துறைமுகத்திலிருந்து கார், பஸ் எல்லாம் ஏறுகிற பெரிய படகு. நடந்தே உள்ளே போகலாம், அரை மணிகூட ஆகாது. ஆனால் அம்மாவுக்குப் பிடிப்பான அடியுள்ள ஷூ வாங்கிக் கொடுங்கள். தெருக்கல் தேய்ந்து வழவழவென்றிருக்கும். வல்லெட்டா படிகளில் நானே இரண்டு முறை வழுக்கினேன்.