மறுமடல்: அய்யனார் கோயில் திருப்பணி நிதி – அனுப்பும் முன் ஒரு வார்த்தை

கீழவீட்டுக் காளீஸ்வரி, சிங்கப்பூர்:

எல்லோருக்கும் வணக்கம்.

அய்யனார் காட்டுக்குள் மண்டபம் கட்டத் தலைக்கட்டுக்கு 25,000 ரூபாய் கேட்டு வந்த மடலுக்கு நான் வாயே திறக்கவில்லை, காசுக்குக் கணக்குப் பார்க்கிறாள் என்று யாரோ பேசினார்களாம். பேசியது யார் என்றும் தெரியும். விஷயம் அதுவல்ல. ஆடியில் அம்மா திதிக்கு ஊருக்குப் போனபோது அய்யனார் காட்டுக்குள் போய்ப் பார்த்தேன். தெற்குப் பக்கம் முழுக்க வழித்துவிட்டார்கள். மரம் நிற்கிறது. காடு இல்லை.

ஜேசிபி விட்டிருக்கிறார்கள். "சீமைக் கருவேலம் எடுக்கிறோம்த்தே, 2017லேயே ஐகோர்ட்டு சொல்லியிருக்குல்ல" என்கிறான் வாய்க்கால்கரைப் பையன். கருவேலத்தை எடுக்காதே என்று யார் சொன்னது? அது நின்றது குளத்தோரமாக, வெளி விளிம்பில். உள்ளே இருட்டாக இருந்தவரை அது தலையெடுக்கவே இல்லை. வெயில் இல்லாமல் அதற்கு வளர்ச்சி இல்லை. இப்போது நாமே திறந்து வெயிலை உள்ளே விட்டிருக்கிறோம். இரண்டு மழை போகட்டும், நடுக்காட்டில் கருவேலமும் உண்ணிச்செடியும்தான் நிற்கும்.

"புதர்" என்று வாரிப் போட்டது என்னவென்று குவியலில் பார்த்தேன். காசா, களா, காரை, காட்டுநாரத்தை, மோதிரக்கண்ணி, மிளகரணை. சர்க்கரைக்கு என்று ஊரே இலை பறித்த சிறுகுறிஞ்சான் கொடியும் அதில்தான் கிடந்தது. அதோடு வீரை, பாலைக் கன்றுகள். கஜா புயலில் (2018 நவம்பர், யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்) பெருமரம் சாய்ந்த இடங்களில் தானாக எழுந்து வந்த கன்றுகள் அவை. யாரும் நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. வீரையும் பாலையும் ஆமை வேகத்தில் வளர்கிற மரங்கள். "பெரிய மரத்தில் கை வைக்கலையே" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கிழவர்களை மட்டும் விட்டுவிட்டுப் பிள்ளைகளையெல்லாம் கொண்டுபோன வீடு எத்தனை நாளைக்கு?

கோடையிலும் இலை கொட்டாத இந்த மாதிரிக் காடு சோழமண்டலக் கரைப் பக்கம் துண்டு துண்டாகத்தான் மிச்சம். அதிலும் பல துண்டுகள் சாமிக்குப் பயந்து விட்டவை. நம் ஊரைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்குத் தைலமரம் என்று உங்களுக்கே தெரியும். அதன் கீழே ஒரு காரைச் செடியையாவது காட்டுங்கள் பார்ப்போம்.

மடலோடு வந்த வரைபடத்தில் மண்டபம், சுற்றிலும் பேவர் பிளாக், ஹைமாஸ்ட் விளக்கு, "நந்தவனம்". பாலைப்பழத்தைத் தின்று கொட்டையைக் காடெங்கும் போடுவது பறவையும் வௌவாலும் மரநாயும். விடிய விடிய விளக்கு எரிந்தால் இராத்திரி வருவது எது வரும்?

மண்டபத்துக்கு என் பணம் கிடையாது. ஆடு நுழையாமல் வேலி போடவும், விளிம்பில் நிற்கிற கருவேலத்தை ஆள் விட்டு வேரோடு தோண்டவும் (வெட்டினால் துளிர்த்துவிடும்) கேட்ட தொகையை இரட்டிப்பாகத் தருகிறேன்.

---

சொக்கலிங்கம், குவைத்:

செடி கொடி பற்றி எனக்குத் தெரியாது. ரசீது பற்றித் தெரியும்.

ஜேசிபிக்கு யார் பணம் கொடுத்தது? திருப்பணி நிதியே இன்னும் சேரவில்லை. கஜா நிவாரணத்தில் மீதம் 3,86,400 ரூபாய் கூட்டுக் கணக்கில் இருக்கிறது என்று அப்போதைய பொருளாளர் எழுதிய மடலை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அந்தப் பணம் இன்னும் இருக்கிறதா? வங்கிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட ஒரு நிமிடம் ஆகுமா?

வெட்டிய விறகு என்ன ஆனது? விழுந்த விறகுகூட அய்யனாருக்குப் பொங்கல் வைக்க மட்டும்தான் என்பது ஊர்க்கட்டு. லாரியில் போனது என்றால் விற்ற காசு எங்கே?

கடைசியாக, அந்த இடம் வருவாய்த்துறையின் நில அ-பதிவேட்டில் என்ன வகைப்பாடு? புறம்போக்கில் கட்டடம் கட்டிவிட்டுப் பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் போய் நிற்க முடியாது.

---

மேலவீட்டு ராஜமாணிக்கம், கோலாலம்பூர்:

அம்மா காளீஸ்வரி, நீ படித்த பிள்ளை. சந்தோஷம். போன புரவி எடுப்புக்கு (அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கிற திருவிழாவுக்கு) என் சம்பந்தி குடும்பம் முப்பது பேர் வந்து மழையில் நனைந்துகொண்டு நின்று சாப்பிட்டார்கள். அன்று நீ எங்கே இருந்தாய்? கிழக்கே உள்ள ஊர்க்காரன் தன் கோயிலுக்குக் கல்மண்டபமும் வளைவும் கட்டி, கொடுத்தவன் பெயரையெல்லாம் பொறித்துவிட்டான். நாம் இன்னும் முள்ளுக்குள் போய்க் கும்பிட வேண்டுமா?

அந்தக் காட்டை எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம். செருப்பை வரப்பிலேயே கழற்றிப் போட்டுவிட்டு மாடு தேடிப் போனவன் நான். பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் பதில் சொல்ல முடியாமல் அடி வாங்கியிருக்கிறேன். சித்திரையில் காசா பூத்தால் கிளையே தெரியாது, அத்தனை நீலம். வேளார் செய்த குதிரைகளைத் தோளில் சுமந்து அந்த நிழலுக்குள் நுழைந்ததும் உடம்பு குளிர்ந்துவிடும். அந்தக் காலம் வேறு, ஆட்கள் வேறு. இப்போது ஊருக்கு ஒரு மரியாதை வேண்டும்.

---

இளங்கோ, அபுதாபி:

மாமா, மரியாதைதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது.

நத்தம் பக்கம் காசம்பட்டி. அங்கே வீரகோயில் காட்டை 2025இல் அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. பரப்பு 4.97 ஹெக்டேர், 12 ஏக்கர் சொச்சம்தான். நம் காடு அதைவிடச் சிறியதா என்ன? அதற்கு முன் தமிழ்நாட்டில் அந்தப் பெயர் வாங்கியது மேலூர் அரிட்டாபட்டி, 2022இல். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து அந்த மக்கள் நின்றபோது இந்த அறிவிப்பும் கையில் இருந்தது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம், பிரிவு 37. உள்ளாட்சியைக் கலந்துதான் மாநில அரசு அறிவிக்க முடியும். ஆகவே முதலில் கிராமசபைத் தீர்மானம், பிறகு ஊராட்சிப் பல்லுயிர் மேலாண்மைக் குழு வழியாக மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு, அதாவது ஊரில் உள்ள செடி கொடி உயிரினங்களின் பட்டியல். அக்கா எழுதிய செடிப் பெயர்களையும், மாமாவுக்குத் தெரிந்த பெயர்களையும் அதில்தான் எழுத வேண்டும். வளைவில் கொடுத்தவன் பெயர் இருக்கும். அரசாணையில் ஊர்ப் பெயரே இருக்கும்.

மண்டபத்தைக் குளத்துக்கு மேற்கே, களத்துமேட்டில் கட்டலாமே? சம்பந்தி நனைய வேண்டாம், காட்டுக்குள்ளும் சிமெண்ட் போக வேண்டாம்.

---

கீழவீட்டுக் காளீஸ்வரி, சிங்கப்பூர்:

இளங்கோ சொன்ன களத்துமேடு என்றால் நானும் 25,000 போடுகிறேன். வேலிக்குச் சொன்னது தனி.

சித்தப்பா, அன்று நான் எங்கே இருந்தேன் என்று கேட்டீர்கள். அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். விசாரிக்க உங்கள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. மரியாதை பற்றிப் பேசுவதால் கேட்கிறேன்: மேலவீட்டு வாசல்நிலை என்ன மரம், எங்கிருந்து வந்தது? கிளை ஒடித்ததற்கே எங்கள் தாத்தாவுக்கு அபராதம் போட்ட ஊர், அதற்கு என்ன போட்டது?

---

சொக்கலிங்கம், குவைத்:

வாசல்நிலையை நீங்கள் இருவரும் தனி மடலில் வைத்துக்கொள்ளுங்கள். களத்துமேடு யார் பெயரில் இருக்கிறது என்று இளங்கோ வில்லங்கம் போட்டுப் பார்த்துச் சொல்லவும். அதுவரை யாரும் பணம் அனுப்ப வேண்டாம். 3,86,400 பற்றி இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.