"டி.வி." என்ற அந்த உறவினர்: 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கடிதங்கள் படித்த அனுபவங்கள்

பழைய குடும்பக் கடிதங்களின் ஸ்கேன்களைப் படித்துத் தட்டச்சு செய்துகொடுக்கும் தன்னார்வ வேலையில் கொஞ்ச காலமாக இருக்கிறேன். முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்டிக்கொடுத்த மகளுக்கு ஒரு தாய் 1830களில் எழுதிய கட்டு அது. "டி.வி. வியாழக்கிழமை வருகிறோம்", "டி.வி. அடுத்த மாதம் அப்பா எழுதுவார்" என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். குடும்பத்தில் எல்லோருக்கும் வேண்டிய ஒரு மாமா போல என்று நினைத்து, ஆட்களின் பட்டியலில் அவரையும் சேர்த்துவிட்டேன்! அது "தேயோ வொலந்தே" என்ற லத்தீன் சொற்களின் சுருக்கம். ஆண்டவருக்குச் சித்தமானால் என்று அர்த்தம். நாளைக்கு இன்னது செய்வோம் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லும்படி பைபிளில் யாக்கோபு நிருபம் நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. சும்மா வழக்கத்துக்குப் போடுவதுதானே என்று அப்போது நினைத்தேன்.

இன்னொரு தலைவலி, பக்கத்தை எழுதி முடித்த பிறகு தாளைத் திருப்பிப் பிடித்து, எழுதியதன் மேலேயே குறுக்காக எழுதியிருப்பார்கள். 1840க்கு முன்பு எத்தனை தாள், எவ்வளவு தூரம் என்று கணக்குப் பார்த்துத்தான் கட்டணம். பெரும்பாலும் வாங்குகிறவர்தான் கொடுக்க வேண்டும். உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரே தாளுக்கு ஒரு ஷில்லிங்குக்கு மேல் ஆகும். 1840 ஜனவரியில், அரை அவுன்ஸ் வரை நாட்டுக்குள் எங்கே அனுப்பினாலும் ஒரு பென்னி என்று ஆனது. அப்புறமும் சிலர் குறுக்கே எழுதுவதை விடவில்லை. கை பழகிவிட்டது போலும்.

—

நானும் இதே தன்னார்வ வேலையில் இருக்கிறேன், மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். எனக்கு இந்தக் கடிதங்களில் மருந்துதான் முதலில் கண்ணில் படும். நான் படித்த ஒரு கடிதத்தில் பல் முளைக்கும் குழந்தைக்குக் காய்ச்சல், "கலோமல்" கொடுத்தோம் என்று இருந்தது. கலோமல் என்றால் பாதரச உப்பு. அடுத்த கடிதத்தில், "ஈறு புண்ணாகிவிட்டது, எச்சில் நிறைய வடிகிறது, மருந்து பிடித்துவிட்டது" என்று தாய் சந்தோஷமாக எழுதியிருக்கிறாள். அது பாதரச நஞ்சின் அறிகுறி. அன்றைக்கு வைத்தியர்களே அதை நல்ல குறி என்றுதான் சொன்னார்கள், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அன்று மேற்கொண்டு தட்டச்சு செய்யக் கை ஓடவில்லை. கோழி எத்தனை முட்டை இட்டது என்று அதே பத்தியிலேயே தொடர்கிறாள்.

—

இதே வேலையில் இருக்கும் இன்னொருவர் நான். நோயைப் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். ஒரு தங்கைக்கு "லேசான சளி" என்று முதல் கடிதம். பிறகு "இருமல் தொந்தரவு", "மாடி ஏற முடியவில்லை", "கடற்கரைக் காற்று நல்லது என்கிறார்கள்". ஆறு கடிதங்களிலும் வியாதியின் பெயர் இல்லை. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்ததாக அறிவித்தது 1882இல். இது அதற்கு நாற்பது வருஷம் முந்தைய கதை. ஏழாவது கடிதத்தின் தாளைச் சுற்றிக் கறுப்புக் கரை. துக்கக் கடிதம் என்று அடையாளம், பிரிக்கும் முன்பே தெரிந்துவிடும். ஸ்கேனைத் திறந்தவுடன் எனக்கும் தெரிந்துவிட்டது. படிக்காமல் மூடிவைத்துவிட்டு மறுநாள்தான் படித்தேன்.

—

முதலில் எழுதியவன்தான். அந்தத் தாயின் கட்டை முடித்துவிட்டேன், இன்னொரு தப்பும் செய்திருந்தேன். "குட்டி வில்லியம்" என்று ஒரு பேரன் வருவான். ஒரு கடிதத்தில் ஓடி விளையாடுகிறான், இரண்டு வருஷம் கழித்துத் தொட்டிலில் கிடக்கிறான். தேதிதான் மாறிக் கிடக்கிறது என்று முடிவு செய்து, கடிதங்களின் வரிசையையே மாற்றி வைத்தேன். பிறகுதான் குடும்ப பைபிளின் முன்தாள் ஸ்கேன் கிடைத்தது. பிறப்பும் இறப்பும் அதில்தான் குறித்துவைப்பார்கள். வில்லியம் இரண்டு பேர். மூத்தவன் கக்குவான் இருமலில் போய்விட்டான், அடுத்துப் பிறந்தவனுக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது வழக்கம்தான்.

வரிசையைச் சரிசெய்து மறுபடி படித்தேன். முதல் வில்லியம் இறப்பதற்குப் பத்து நாள் முன்பு பாட்டி எழுதியது: "டி.வி. ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் புது ஃபிளானல் சட்டை கொண்டுவருகிறேன்."