ஒரே விற்பனையாளரா, இரண்டு நாடுகளில் இருவரா? உலகமயமாக்கலுக்குப் பின் கொள்முதல் கணக்கை எப்படிப் போடுவது?

கேள்வி: கொள்முதல் மேசை

வணக்கம். தொழிற்சாலைகளுக்கான மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பிரிவைக் கவனித்து வருகிறேன். எங்கள் உதிரிபாகங்களில் பெரும்பகுதி கடல் கடந்து வருகிறது. தயாரித்த கருவிகளில் பாதிக்கு மேல் வெளிநாடுகளுக்குச் செல்கின்றன. எந்த நாட்டில் விலை குறைவோ அங்கே வாங்குவது, ஒருவரிடமே மொத்தமாக வாங்கி விலையை மேலும் இறக்குவது, கிடங்கில் சரக்கைத் தேக்காமல் தேவைக்கு மட்டும் வரவழைப்பது என்பதே பல ஆண்டுகளாக எங்கள் நடைமுறை.

இப்போது நிர்வாகத்துக்குள் இரண்டு கருத்துகள் எழுந்துள்ளன. உலகமயமாக்கலின் காலம் முடிந்துவிட்டது, முடிந்தவரை எல்லாவற்றையும் உள்நாட்டிலேயே வாங்க வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. போரும் சுங்கவரியும் வந்து போகும், மலிவான இடத்தை நாம் விட்டால் போட்டியாளர் பிடித்துக்கொள்வார் என்கிறது மறுதரப்பு. இதற்கிடையில் வேறொரு நாட்டில் இரண்டாவது விற்பனையாளர் ஒருவரைக் கண்டுபிடித்திருக்கிறேன். அவர் சொல்லும் விலை 8 விழுக்காடு கூடுதல். அந்தக் கூடுதலை எதைக் கொண்டு நியாயப்படுத்துகிறீர்கள் என்று கேட்டால் என்னிடம் உறுதியான பதில் இல்லை. உலகமயமாக்கல் பன்னாட்டு வணிகத்தில் எதை உண்மையிலேயே மலிவாக்கியது, எதை அப்படியே விட்டுவைத்தது என்று தெரிந்தால் கணக்கு பிடிபடும் என்று நம்புகிறேன். அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: சரக்குப்போக்கு

இந்தப் பேச்சைப் பலரும் கூலி மலிவிலிருந்து தொடங்குகிறார்கள். நாடுகளுக்கிடையே கூலி வேறுபாடு எந்தக் காலத்திலும் இருந்தது. அதைப் பயன்படுத்திக்கொள்ள விடாமல் தடுத்தது பெரும்பாலும் துறைமுகச் செலவுதான். மூட்டையும் பீப்பாயும் மரப்பெட்டியுமாக வந்த சரக்கை ஆட்கள் ஒவ்வொன்றாகத் தூக்கி அடுக்கிய காலத்தில், ஒரு கப்பல் கடலில் ஓடிய நாட்களுக்கு ஈடாகத் துறைமுகத்தில் நின்ற நாட்களும் இருந்தன. 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற லாரித் தொழிலதிபர் ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 உலோகப் பெட்டிகளை ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.86 டாலர் ஆன இடத்தில் பெட்டி முறையில் ஏறத்தாழ 16 சென்ட் ஆனதாகக் கணக்கிட்டார்கள்.

கண்டெய்னர் ஒன்றை அருகில் நின்று பார்த்தால் எட்டு மூலைகளிலும் நீள்வட்டத் துளையுள்ள வார்ப்பு எஃகுக் கட்டிகள் தெரியும். அந்தத் துளைக்குள் ஒரு பூட்டு நுழைந்து கால்வட்டம் திரும்பினால் பெட்டி பிடித்துக்கொள்ளும். கப்பல், ரயில், லாரி, பாரந்தூக்கி எல்லாவற்றுக்கும் அந்தத் துளையின் அளவு ஒன்றே. 1960-களின் இறுதியில் பன்னாட்டுத் தர அளவுகள் முடிவான பிறகுதான், ஓர் ஊரில் பூட்டிய பெட்டியை வழியில் எங்கும் திறக்காமல் கண்டம் தாண்டி இறக்க முடிந்தது.

அதற்கு இணையாக விதிகளும் ஒன்றுபட்டன. 1947-இல் 23 நாடுகள் கையெழுத்திட்ட காட் (சுங்கவரி, வர்த்தகப் பொது) ஒப்பந்தம் சுங்கவரிகளைப் பல சுற்றுப் பேச்சுவார்த்தைகளில் குறைத்தது. 1988-இல் நடைமுறைக்கு வந்த ஆறு இலக்கச் சரக்குக் குறியீட்டால் ஒரே பொருளுக்குப் பெரும்பாலான நாடுகளின் சுங்கமும் ஒரே எண்ணைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1995-இல் உலக வர்த்தக அமைப்பு உருவானது; 2001 டிசம்பரில் சீனா அதில் சேர்ந்தது.

ஆகவே மலிவானது சரக்கைக் கைமாற்றும் செலவு. தொலைவு மட்டும் குறையவேயில்லை. 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கிய ஆறு நாட்களில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் இருபுறமும் காத்து நின்றன. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய பின், ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் பெட்டிகளில் பெரும்பகுதி நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றது. ஒரு பயணத்துக்கு ஏறக்குறைய பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை கூடியது. உங்கள் விலைப்பட்டியலில் நாட்களுக்கென்று ஒரு பத்தி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடலில் மிதக்கும் சரக்கு உங்கள் பணம்தான். ஒவ்வொரு நாளுக்கும் அதற்கு வட்டி உண்டு.

பதில் 2: தொழிற்சாலைக் கணக்கு

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இரண்டாவது விற்பனையாளர் கிடைத்துவிட்டார் என்பதற்காகவே நிம்மதி அடைந்துவிட வேண்டாம் என்று அக்கறையோடு சொல்கிறேன். அந்தத் தவற்றை நாங்கள் செய்தோம்.

2021-இல் நான் பணியாற்றிய நிறுவனத்தில் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கு இரண்டு நாடுகளில் இரண்டு விற்பனையாளர்கள் இருந்தார்கள். ஒருவர் கைவிட்டால் மற்றவர் இருக்கிறார் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்ததே நான்தான். சில்லுத் தட்டுப்பாடு வந்தபோது ஒரே வாரத்தில் இருவரிடமிருந்தும் ஒரே மாதிரியான கடிதம் வந்தது. இருவரும் பலகையை இயக்கும் ஒரே நுண்கட்டுப்படுத்திச் (மைக்ரோகண்ட்ரோலர்) சில்லை ஒரே ஆலையிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. விரல்நகம் அளவுள்ள அந்தச் சில்லுக்கான இடம் மட்டும் காலியாக இருக்க, மற்ற எல்லா வேலையும் முடிந்த கருவிகள் கிடங்கில் வரிசையாக நின்றன. வாடிக்கையாளர்களுக்குத் தாமதத் தண்டத் தொகை கட்டினோம். பல ஆண்டுகளாகக் குறைந்த விலையில் வாங்கிச் சேமித்ததில் கணிசமான பகுதி அந்த ஓராண்டிலேயே கரைந்தது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஜப்பானில் நாகா என்ற இடத்திலுள்ள ரெனசாஸ் சில்லு ஆலை 2011 மார்ச் நிலநடுக்கத்தில் சேதமடைந்து சில மாதங்கள் உற்பத்தி நின்றதால், உலகின் பல கார் நிறுவனங்கள் உற்பத்தியைக் குறைத்தன. பத்து ஆண்டுகள் கழித்து, 2021 மார்ச்சில் அதே ஆலையில் தீ விபத்து நேர்ந்தது. 2011-இன் இறுதியில் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்பேட்டைகள் மூழ்கியபோது உலகெங்கும் கணினி வன்தட்டுகளின் விலை ஏறியது. மிக நுண்ணிய சில்லுகளை அச்சிடும் அதிபுறஊதா ஒளி இயந்திரத்தை நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் ஒன்றுதான் தயாரிக்கிறது. உலகமயமாக்கல் வேலையைப் பல நாடுகளுக்குப் பரப்பியது என்று சொல்லிக்கொள்கிறோம். சங்கிலியில் உள்ளே செல்லச் செல்ல அது ஓரிரு ஆலைகளில் குவித்தும் வைத்திருக்கிறது. வாங்குபவரின் கண்ணுக்கு அந்த இடம் தெரிவதில்லை.

ஆகவே 8 விழுக்காடு அதிகமா குறைவா என்று பார்க்கும் முன், அந்த விற்பனையாளர் எங்கே, யாரிடம் வாங்குகிறார் என்று எழுத்தில் கேளுங்கள்.

பதில் 3: வணிகவியல் ஆசிரியர்

இதுவரை பேசியதெல்லாம் வாங்குபவரின் இடர். மலிவுக்கு வேறு யாரோ கொடுக்கும் விலையும் இதில் சேர வேண்டும். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் தலைநகர் டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுவர்களில் விரிசல் கண்டது அதற்கு முந்தைய நாள். கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மேலே இருந்த ஆடைத் தொழிற்சாலைகள் தம் தொழிலாளர்களை உள்ளே வரச் சொல்லின. இடிபாடுகளில் பன்னாட்டு ஆடை நிறுவனங்களின் பெயர்ச்சீட்டுகள் கிடந்தன. துணை ஒப்பந்தத்துக்குள் துணை ஒப்பந்தமாக வேலை கைமாறியதால், தம் ஆடை அந்தக் கட்டடத்தில் தைக்கப்பட்டது என்பதே சில நிறுவனங்களுக்குத் தெரியாமல் இருந்தது. மேலே நண்பர் சொன்ன சில்லு ஆலையும் இந்தக் கட்டடமும் ஒரே அறியாமையிலிருந்து வருபவை. ஒன்றில் இயந்திரம் நின்றது, மற்றொன்றில் உயிர்கள் போயின.

அதன் பிறகுதான் கட்டடப் பாதுகாப்புக்கான, சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்பாடு ஒன்றில் பல நிறுவனங்கள் கையெழுத்திட்டன. விநியோகச் சங்கிலியில் மனித உரிமை மீறல் இருக்கிறதா என்று நிறுவனங்களே ஆராய வேண்டும் என்னும் ஜெர்மனியின் சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கருவிகளை ஐரோப்பாவுக்கு விற்பீர்களானால், இந்தக் கேள்விகள் உங்கள் வாடிக்கையாளர் மூலமாக உங்களிடமும் வந்து சேரும். இரண்டாவது விற்பனையாளரின் கூடுதல் விலையில் முறையான ஊதியமும் பாதுகாப்பும் அடங்கியிருக்கலாம். வெறும் கூடுதல் லாபமாகவும் இருக்கலாம். நேரில் சென்று தொழிற்சாலையைப் பார்க்காமல் தெரியாது.

கேள்வி கேட்டவர்: கொள்முதல் மேசை

மூவருக்கும் நன்றி. விசாரித்ததில், இரண்டாவது விற்பனையாளர் சில முக்கியப் பாகங்களை முதல் விற்பனையாளரின் நாட்டிலிருந்தே வாங்கித் தம் நாட்டில் பொருத்துகிறார் என்று தெரிகிறது. அப்படியானால் சுங்கத்தில் அது எந்த நாட்டுப் பொருளாகக் கருதப்படும்? மேலும் அவர் சி.ஐ.எஃப். விலை (சரக்கின் விலையோடு காப்புறுதியும் கப்பல் வாடகையும் சேர்ந்தது) சொல்கிறார், சரக்கு வந்து இறங்கும்வரை பொறுப்பு அவருடையதுதானே?

பதில் 4: சுங்கமும் சான்றும்

முதலில் இரண்டாவது கேள்வி, ஏனென்றால் இதில் ஏமாறுபவர்கள் அதிகம். சி.ஐ.எஃப். விலையில் கப்பல் வாடகையையும் காப்புறுதியையும் விற்பவர் கட்டுகிறார். ஆனால் இழப்பின் பொறுப்பு, சரக்கு ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலில் ஏறியவுடனேயே உங்களுக்கு மாறிவிடுகிறது. அவர் எடுக்கக் கடமைப்பட்ட காப்புறுதியும் மிகக் குறைந்த அளவுப் பாதுகாப்பே தரும். கண்டெய்னர் சரக்குக்கு எஃப்.சி.ஏ. (குறித்த இடத்தில் சரக்கைச் சுமந்து செல்பவரிடம் ஒப்படைத்ததும் பொறுப்பு மாறும் முறை) போன்ற விதியே பொருத்தம் என்று பன்னாட்டு வணிகக் கழகமே பரிந்துரைக்கிறது.

பிறப்பிடம், அதாவது சுங்கத்தில் பொருள் எந்த நாட்டுடையது என்ற உங்கள் முதல் கேள்வி குறித்து: பெட்டி மாற்றுவதும் ஒட்டுச்சீட்டு மாற்றுவதும் பொருளின் நாட்டை மாற்றாது. எளிய பொருத்து வேலையும் பெரும்பாலும் போதாது. சில ஒப்பந்தங்கள் சரக்குக் குறியீடு மாறியிருக்க வேண்டும் என்கின்றன. சில, மதிப்பில் இத்தனை விழுக்காடு அங்கேயே உருவாகியிருக்க வேண்டும் என்கின்றன. வட அமெரிக்காவில் 2020 வரை நடப்பிலிருந்த பழைய வர்த்தக ஒப்பந்தம், கார்களின் மதிப்பில் 62.5 விழுக்காடு அந்த வட்டாரத்திலேயே உருவாகியிருக்க வேண்டும் என்று கேட்டது. அதற்குப் பதிலாக வந்த ஒப்பந்தம் அதை 75 ஆக உயர்த்தியது. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு 2019 டிசம்பரிலிருந்து போதிய உறுப்பினர் இன்றிச் செயலிழந்து கிடப்பதால், ஒரு நாடு திடீரென்று வரி விதித்தால் விரைவான தீர்வை எதிர்பார்க்க முடியாது. பிறப்பிடச் சான்றிதழை மட்டும் நம்பாமல், பாகவாரியான மதிப்புக் கணக்கை அவரிடம் கேட்டு வாங்குங்கள்.

பதில் 5: தொழிற்சாலைக் கணக்கு

இன்னும் ஒன்று. 8 விழுக்காட்டை மொத்தக் கொள்முதலின் மீது போட்டுப் பார்க்க வேண்டாம். எந்தப் பாகம் வராவிட்டால் உற்பத்தி அடியோடு நிற்குமோ அவற்றை மட்டும் தனியே பட்டியலிடுங்கள். எங்கள் அனுபவத்தில் அது நீளமான பட்டியலாக இருக்கவில்லை. திருகாணிக்கும் உறைக்கும் பழைய முறையே போதும். பட்டியலில் உள்ளவற்றுக்கு, முதல் விற்பனையாளரோடு பாகம் பகிராத ஒருவரிடம் ஆண்டு முழுவதும் சிறிய அளவிலாவது தொடர்ந்து வாங்குங்கள். தட்டுப்பாடு வந்த பிறகு நாங்கள் தேடிப்போன ஆலைகளெல்லாம், ஏற்கெனவே மாதந்தோறும் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கே முதலில் கொடுத்தன; எங்களுக்கு 40 வாரம் கழித்து ஒரு தேதி தந்தார்கள்.